பீட் சேபர் விளையாட மலிவான விஆர் செட்: கோலாலம்பூரில் அளப்பதிலிருந்து வாங்குவது வரை

"பீட் சேபர் விளையாடணும், கையில் அதிகம் காசு இல்லை, எந்த செட் வாங்கலாம்?" என்று கேட்டு வருபவர்கள் பலரும் அதற்குள் ஷோப்பியில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். செந்தூல் அடுக்குமாடிகளிலும் பூச்சோங் தாமான் வீடுகளிலும் புதியவர்களுக்கு செட் அமைத்துக் கொடுத்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. காசு வீணாவது பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான். செட்டை வாங்கிவிட்டு இடம் தேடுகிறார்கள், இடம் கிடைத்த பிறகு எந்தக் கணக்கில் விளையாட்டை வாங்குவது என்று குழம்புகிறார்கள்.

பீட் சேபர் என்பது விஆர் (மெய்நிகர் உலகம் காட்டும்) செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, பாட்டின் தாளத்துக்கு ஏற்ப நம்மை நோக்கி வரும் பிளாக்குகளை இரண்டு கையிலும் உள்ள வாள்களால் வெட்டும் விளையாட்டு. இதற்குப் பெரிய கிராஃபிக்ஸ் தேவையில்லை. உங்கள் இரண்டு கைகளும் வேகமாக வீசப்படும்போது செட் அவற்றைத் தவறாமல் பின்தொடர வேண்டும். தலையில் செட் ஆடக் கூடாது. சத்தம் பின்தங்கக் கூடாது. இந்த மூன்றுக்குத்தான் காசு கொடுக்கிறோம். மற்றதெல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

1. செட்டைப் பார்க்கும் முன் அறையை அளந்துவிடுங்கள்

சுமார் 2 மீட்டருக்கு 2 மீட்டர் வெற்றிடம் வேண்டும். அளக்கும் நாடா இல்லையென்றால் இரண்டு கையிலும் 30 சென்டிமீட்டர் அடிக்கோலைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கை வேகமாக வீசும்போது உடம்பும் கொஞ்சம் முன்னே போகும். அந்த அளவை அடிக்கோல் முன்கூட்டியே காட்டிவிடும். எதுவும் இடிக்கவில்லையென்றால் இடம் போதும்.

சிறிய வீச்சாக வெட்டிச் சமாளிக்கலாமே என்று தோன்றும். மதிப்பெண் முறை அதற்கு இடம் தராது. ஒரு பிளாக்கை வெட்டினால் அதிகபட்சம் 115 புள்ளி. அதில் 70 வெட்டுக்கு முந்தைய வீச்சுக்கு, 30 பிந்தைய வீச்சுக்கு, 15 மட்டுமே நடுவில் வெட்டியதற்கு. முழுப் புள்ளிக்கு முன்னால் 100 டிகிரியும் பின்னால் 60 டிகிரியும் வாள் சுழல வேண்டும். மணிக்கட்டை மட்டும் ஆட்டிப் பழகியவர்கள் அதே பாட்டில் எத்தனை முறை ஆடினாலும் மதிப்பெண் ஏறாமல் நிற்பார்கள்.

அடுத்தது மேலே பாருங்கள். நம் ஊர் வீடுகளில் பெரிய ஆபத்து கூரை விசிறிதான். கையை நேராக மேலே தூக்கி, குதிகாலையும் உயர்த்திப் பாருங்கள். விரல் நுனிக்கும் விசிறி இறக்கைக்கும் இடையில் தாராளமாக இடைவெளி இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம். விசிறியை நிறுத்தி வைத்தாலும் கைமுட்டி உடையும். அதற்குப் பதில் நிற்கும் விசிறி ஒன்றை முன்பக்க மூலையில் வையுங்கள். கண்ணை மூடிய நிலையிலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை வைத்து நீங்கள் திரும்பிவிட்டீர்களா என்று தெரிந்துவிடும்.

2. எவற்றை வாங்கக் கூடாது

இந்தப் படிதான் அதிகம் காசு மிச்சப்படுத்தும்.

கைத்தொலைபேசியைச் செருகும் பிளாஸ்டிக் பெட்டிகள் "விஆர் கண்ணாடி" என்ற பெயரில் மிகக் குறைந்த விலைக்கு விற்கின்றன. கூடவே ஒரு சின்ன ரிமோட்டும் தருவார்கள். அவை தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மட்டுமே அறியும். கை எங்கே இருக்கிறது என்று தெரியவே தெரியாது. பீட் சேபர் அதில் ஓடாது. பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாக இதை வாங்கிக் கொடுத்து ஏமாந்த பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி செட்டுகள் (விண்டோஸ் கணினியோடு இணைத்து ஓட்டுபவை) பயன்படுத்திய பொருள் சந்தையில் கவர்ச்சியான விலையில் வரும். ஹெச்பி, ஏசர், சாம்சங், லெனோவோ எல்லாம் இந்த வகையில் செட் வெளியிட்டிருக்கின்றன. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் இதற்கான ஆதரவை எடுத்துவிட்டது. விலை குறைந்ததற்குக் காரணம் அதுதான். புதியவர்கள் தொட வேண்டாம்.

மெட்டாவின் (ஃபேஸ்புக் நிறுவனம்) பழைய செட்டுகளான முதல் குவெஸ்ட், ரிஃப்ட், ரிஃப்ட் எஸ் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். முதலாவதற்குப் புதிய அம்சங்கள் வருவது நின்றுவிட்டது. மற்ற இரண்டுக்கும் கேபிள் போனால் மாற்றுக் கேபிள் தேடி அலைய வேண்டும்.

பிளேஸ்டேஷனுக்கான முதல் விஆர் செட்டுக்கு கேமரா தனி, கையில் பிடிக்கும் மூவ் கண்ட்ரோலர் தனி. விற்பவர் ஏதோ ஒன்றை மறந்திருப்பார். பைக்கோ என்ற இன்னொரு நிறுவனத்தின் செட்டும் நல்லதுதான், ஆனால் பீட் சேபரை உருவாக்கிய நிறுவனம் மெட்டாவுடையது. பைக்கோவின் கடையில் இந்த விளையாட்டு கிடைக்காது. கணினி வழியாக ஓட்ட வேண்டியிருக்கும்.

3. மிஞ்சும் மூன்றில் ஒன்று

மெட்டா குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3எஸ், குவெஸ்ட் 3. மூன்றும் கணினி இல்லாமல் தனியாக ஓடும். எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை, மூன்றுமே 500 கிராமைக் கொஞ்சம் தாண்டும்.

குவெஸ்ட் 2 வந்தது 2020-இல், இப்போது உற்பத்தி இல்லை. பயன்படுத்தியதுதான் கிடைக்கும். 3எஸ் 2024 அக்டோபரில் 299 அமெரிக்க டாலருக்கு வந்தது. திரையின் நுணுக்கம் குவெஸ்ட் 2-இல் இருப்பதேதான், ஒரு கண்ணுக்கு 1832க்கு 1920. ஆனால் சிப் புதியது. குவெஸ்ட் 3-இல் லென்ஸ் நன்றாக இருக்கும், எழுத்து கூர்மையாகத் தெரியும், ஓரம் வரை மங்காது. 2023-இல் 499 டாலருக்கு வந்தது. பாட்டுக்கு ஏற்ப பிளாக் வெட்டுவதற்கு அந்தக் கூடுதல் காசு அவசியம் இல்லை என்பது என் முடிவு.

கண்ட்ரோலரில் கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. குவெஸ்ட் 2 கண்ட்ரோலரில் விரல்களைச் சுற்றிப் பெரிய வளையம் இருக்கும். கைகள் குறுக்கே போகும் பாட்டுகளில் வளையமும் வளையமும் மோதும். 3எஸ், 3 இரண்டிலும் அந்த வளையம் இல்லை. வேகமான நிலைகளுக்குப் போகப் போக இது பெரிய நிம்மதி.

கருவிழிகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். கண்ணாடி முன் நின்று அடிக்கோலைப் புருவத்தின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள், அப்புறம் மாற்றிப் பாருங்கள். குவெஸ்ட் 2-இலும் 3எஸ்-இலும் லென்ஸ்களின் இடைவெளிக்கு 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைகள் மட்டும்தான். உங்கள் அளவு இவற்றுக்கு அருகில் இருந்தால் சரி. தூரமாக இருந்தால்தான் சக்கரத்தைச் சுழற்றிச் சரிசெய்யும் குவெஸ்ட் 3-ஐ யோசிக்க வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கியவர்கள்தான் "தலை வலிக்குது, எனக்கு விஆர் ஒத்துவரல" என்று செட்டை விற்றுவிடுகிறார்கள்.

பட்ஜெட் இடம் கொடுத்தால் புதிய 3எஸ். இல்லையென்றால் கீழே சொல்லும் சோதனைகளில் தேறிய குவெஸ்ட் 2. பழைய குவெஸ்ட் 2-க்குக் கேட்கும் விலை புதிய 3எஸ் விலையில் பாதியைத் தாண்டினால் வேண்டாம், கொஞ்சம் பொறுத்துப் புதியதையே வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் மெட்டா கடையில் பீட் சேபர் பக்கத்தைத் திறந்து, ஆதரிக்கும் செட்டுகளின் பட்டியலில் நீங்கள் வாங்கப் போகும் மாடல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

4. விளையாட்டை எந்தக் கடையில் வாங்குவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்

ஸ்டீமில் (கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடை) வாங்கிய பீட் சேபர் குவெஸ்டில் தனியாக ஓடாது. குவெஸ்டில் வாங்கியது ஸ்டீமுக்கு வராது. பாட்டுத் தொகுப்புகளுக்கும் அதே கதைதான். செட் வருவதற்கு முன்பே தள்ளுபடியைப் பார்த்து ஸ்டீமில் வாங்கிவிட்டு, வீட்டில் கணினியே இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் ஏற்கெனவே நல்ல கேமிங் கணினி இருந்தால் மட்டும் ஸ்டீம். இல்லையென்றால் மெட்டாவின் குவெஸ்ட் கடை. இதற்காகப் புதுக் கணினி வாங்காதீர்கள்.

தமிழ்ப் பாட்டுக்கு வாள் வீச வேண்டும் என்பது நம் பிள்ளைகளின் முதல் ஆசை. அதிகாரப்பூர்வத் தொகுப்புகளை நம்பி வாங்காதீர்கள். ரசிகர்கள் தயாரிக்கும் தனிப்பயன் பாட்டுகளைச் சேர்ப்பது கணினியில் எளிது. குவெஸ்டில் செயலி உருவாக்குபவர்களுக்கான டெவலப்பர் முறையை இயக்க வேண்டும், சில நேரம் விளையாட்டின் பழைய பதிப்புக்குத் திரும்பவும் வேண்டும். புதிய பதிப்பு வந்ததும் சேர்த்ததெல்லாம் வேலை செய்யாமல் போகலாம். முதல் மாதம் இதில் இறங்க வேண்டாம். விளையாட்டோடு வரும் பாட்டுகளே பழகப் போதும்.

குவெஸ்ட் கடை, ஸ்டீம் இரண்டிலும் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே செட் கைக்கு வந்து நன்றாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு விளையாட்டை வாங்குங்கள்.

பிள்ளைக்காக வாங்குகிறீர்களா? மெட்டாவில் 10 வயதுக்குக் கீழ் கணக்கு கிடையாது. 10 முதல் 12 வயது வரை பெற்றோர் மேற்பார்வையில் இயங்கும் கணக்கு. பொய் வயது போட்டுத் திறந்த கணக்கு பின்னால் முடங்கினால் அதில் வாங்கிய விளையாட்டும் போய்விடும்.

5. எங்கே வாங்குவது

கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசா. பினாங்கில் கொம்தார் சுற்றுவட்டக் கடைகள். நேரில் போனால் தலையில் மாட்டிப் பார்க்கலாம் என்பதே பெரிய லாபம். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது ஏபி செட்டா? வாரண்டி யார் கொடுக்கிறது, எத்தனை மாசம்?" ஏபி செட் என்றால் வெளிநாட்டிலிருந்து கடைக்காரர்களே இறக்குவது, அதற்குக் கடையின் வாரண்டிதான். அதை ரசீதில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. கடைக்காரர் பேச்சு மாறினால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். ஆனால் ரசீது இருந்தால்தான் உங்கள் பக்கம் பேச ஏதாவது இருக்கும்.

வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து நேரடியாக வரவழைத்தால் வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2024 ஜனவரியிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கே 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. செட் அந்த வரம்பைத் தாண்டும் என்பதால் சுங்கத்தில் வரி கேட்பார்கள். "அங்கே மலிவு" என்பது வீட்டுக்கு வரும்போது அவ்வளவு மலிவாக இருக்காது.

கரோசல், முடா போன்ற இடங்களில் தனியாரிடம் வாங்குவதென்றால் முன்பணம் அனுப்பாதீர்கள். நேரில் சந்தித்து, சோதித்து, அப்புறம் பணம். எல்ஆர்டி நிலைய வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் கைமாற்றும் பழக்கம் இதற்குச் சரிப்படாது. விற்பவர் வீட்டிலோ வெளிச்சமும் இடமும் உள்ள வேறு எங்காவதோ முக்கால் மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தப் பேரம் வேண்டாம்.

6. பழைய செட்டைச் சோதிக்கும் முறை

விற்பவரின் கணக்கில் விளையாட்டு இருக்கும்போதே எல்லாவற்றையும் சோதியுங்கள். ரீசெட் கடைசியில். முதலிலேயே ரீசெட் செய்துவிட்டால் விளையாடிப் பார்க்க ஒன்றும் இருக்காது.

லென்ஸ்: கைத்தொலைபேசி விளக்கைச் சாய்வாக அடித்துக் கீறல் பாருங்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர் பயன்படுத்திய செட்டில் லென்ஸின் நடுவில் வட்டக் கீறல் இருக்கும். அப்புறம் செட்டைப் போட்டுக்கொண்டு வெள்ளைப் பின்னணியுள்ள பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள். மஞ்சளாகவோ கருப்பாகவோ புள்ளியோ கோடோ தெரிந்தால் வெயில் பட்டிருக்கிறது. லென்ஸ் வழியாக நுழையும் சூரிய ஒளி திரையை எரித்துவிடும். சன்னலோரம் வைத்த செட்டுகளில் இது அடிக்கடி வரும், சரிசெய்யவும் முடியாது. எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.

கண்ட்ரோலர்: இங்குதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பேட்டரி மூடியைத் திறந்து ஏஏ பேட்டரியை வெளியே எடுங்கள். உள்ளே அடியில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ பச்சைப் படிவமோ இருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. சுத்தமாக இருந்தால் பேட்டரியைத் திரும்பப் போட்டு மூடியை மூடி, காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே லொடலொட என்று ஆடினால் வேகமான வெட்டில் ஒரு கணம் மின்தொடர்பு விட்டுப்போகும், வாள் காற்றில் அப்படியே உறைந்து நிற்கும். பலரும் இதை ட்ராக்கிங் (கையைப் பின்தொடரும் வசதி) பழுது என்று நினைத்து செட்டையே விற்கிறார்கள். மடித்த காகிதத் துண்டைப் பேட்டரிக்கும் மூடிக்கும் நடுவில் வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். விலை பேச நல்ல இடம் இது.

இப்போது ஒரு வேகமான பாட்டைப் போட்டு ஆடுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு கையிலும் அதிர்வு சமமாக இருக்கிறதா? பாட்டு முடிந்ததும் இரண்டு வாளையும் முன்னால் நீட்டி அசையாமல் பிடியுங்கள். வாள் தானாக நடுங்கினாலோ மெல்ல நகர்ந்தாலோ வேறு வெளிச்சத்தில் மறுபடி பாருங்கள். அங்கும் அப்படியே என்றால் விட்டுவிடுங்கள்.

ஜாய்ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுக்கிறதா? மற்ற விளையாட்டுகளுக்கு அது பெரிய குறை. பீட் சேபரில் வெட்டுவதற்கு ஜாய்ஸ்டிக்கே வேண்டாம், மெனுவில்தான் கொஞ்சம் தொல்லை தரும். இந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் இந்தக் குறையுள்ள செட்டைக் குறைந்த விலைக்குத் தாராளமாக வாங்கலாம்.

செட்டின் பேட்டரி: தொடங்கும்போது எத்தனை விழுக்காடு என்று குறித்துக்கொண்டு 20 நிமிடம் ஓட்டுங்கள். சுமார் 15 முதல் 20 குறைந்தால் இயல்பு. 30-க்கு மேல் இறங்கினால் பேட்டரி களைத்துவிட்டது. சார்ஜ் வயரைச் செருகி மெல்ல அசைத்துத் துளை தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

குவெஸ்ட் 2 என்றால் முகத்தில் படும் பகுதிக்கு சிலிகான் உறை இருக்கிறதா என்று கேளுங்கள். அதன் ஸ்பாஞ்ச் சிலருக்குத் தோல் எரிச்சல் தந்ததால் 2021-இல் மெட்டாவே உறை கொடுக்க வேண்டி வந்தது.

கடைசியாகக் கணக்கு. விற்பவர் சொல்வார்: "தம்பி, உள்ளே நிறைய கேம் இருக்கு, அப்படியே என் ஐடியிலேயே வச்சுக்க." பதில்: "வேணாம்ணே, உங்க ஆப்பில் இருந்து எடுத்துட்டு ரீசெட் பண்ணிக் கொடுங்க." வாங்கிய விளையாட்டு செட்டில் இல்லை, அவர் கணக்கில்தான் இருக்கிறது. நாளைக்கு அவர் கடவுச்சொல்லை மாற்றினால் உங்களிடம் எதுவும் இருக்காது. விளையாட்டுகளைச் சொல்லி ஏற்றிய விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அவர் தன் ஆப்பிலிருந்து செட்டை நீக்கி, உங்கள் கண் முன்னால் ரீசெட் செய்து, நீங்கள் உங்கள் கைத்தொலைபேசி ஹாட்ஸ்பாட்டில் உங்கள் கணக்கில் நுழைந்த பிறகு பணம் அனுப்புங்கள். அந்தக் கடைசிப் படி நடக்காவிட்டால் செட் வேறு யாருடையதோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7. கூட வாங்க வேண்டியவை

ரீசார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரி நான்கு, சார்ஜர் ஒன்று. இரண்டு ஓடும்போது இரண்டு சார்ஜில் இருக்கும். டாமன்சாரா, செராஸ், பினாங்கில் பத்து காவான் ஐக்கியாவில் கிடைப்பவையே போதும்.

தரைக்கு ரப்பர் விரிப்பு. நம் வீட்டு மொசைக், டைல்ஸ் தரை வியர்வை பட்டால் வழுக்கும். விரிப்பின் ஓரம் காலில் பட்டாலே நடுவிலிருந்து விலகிவிட்டோம் என்று தெரியும்.

தலைப்பட்டையை உடனே வாங்காதீர்கள். துணிப்பட்டையைச் சரியாக இறுக்கத் தெரியாமல்தான் பலர் புதிது வாங்குகிறார்கள். பின்பக்கப் பிடி மண்டையின் அடிப்பகுதியைத் தாங்கும்படி இறக்கி, அப்புறம் மேல்பட்டையை இறுக்குங்கள். சில வாரம் ஆடிய பிறகும் முகத்தில் நழுவினால் மற்ற நிறுவனங்களின் கெட்டியான பட்டை போதும்.

புளூடூத் இயர்ஃபோன் வேண்டவே வேண்டாம். சத்தம் தாமதமாக வரும், தாளம் தப்பும், குற்றம் உங்கள் கை மேல் விழும். செட்டின் ஒலிபெருக்கி அல்லது வயர் இயர்ஃபோன். 3எஸ்-இல் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லை. அதற்கு டைப்-சி இணைப்பான் தனியாக வேண்டும்.

8. முதல் பாட்டுக்கு முன்

பகலில் சன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு அறை விளக்கைப் போடுங்கள். இருட்டில் கேமராவுக்குக் கண் தெரியாது, நேர் வெயிலும் ஆகாது. எதிரில் பெரிய நிலைக்கண்ணாடி இருந்தால் துணியால் மூடுங்கள். தீபாவளிக்குக் கட்டிய சின்னச் சின்ன விளக்குச் சரத்தையும் அணைத்துவிடுங்கள். கண்ட்ரோலரில் உள்ள அகச்சிவப்பு விளக்குப் புள்ளிகளைப் பார்த்துத்தான் கேமரா கையை அறிகிறது, சரவிளக்குகள் அதைக் குழப்பும்.

அமைப்புகளில் ட்ராக்கிங் அலைவெண் 50 ஹெர்ட்ஸாக இருக்கட்டும். நம் மின்சாரம் 50, அமெரிக்காவில் 60. அறை விளக்கின் துடிப்போடு கேமரா ஒத்துப்போவதற்காகத்தான் இந்த அமைப்பு இருக்கிறது.

தரை மட்டத்தைக் கண்ட்ரோலரால் தரையைத் தொட்டுப் பதியுங்கள். இது தவறினால் பிளாக்குகள் முழங்காலுக்கு வரும், அல்லது தலைக்கு மேலே போகும். அப்புறம் விளையாட்டுக்குள் உங்கள் உயரம் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். செட் கைமாறும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். அக்காவின் உயரத்தில் தம்பி ஆடினால் கை வலிதான் மிஞ்சும்.

கண்ட்ரோலர் வாரை மணிக்கட்டில் மாட்டுங்கள். வியர்த்த கையிலிருந்து நழுவிய கண்ட்ரோலர் நேராகப் போவது தொலைக்காட்சிக்குத்தான். முதல் வாரம் தோல்வி இல்லாத முறையைப் போட்டு நார்மல் நிலையில் முழுப் பாட்டையும் ஆடுங்கள். பாதியில் நின்று நின்று தொடங்கினால் வீச்சு பழகாது.

9. ஆடி முடித்ததும்

நம் ஊர் ஈரப்பதத்தில் இதை விட்டால் லென்ஸில் பூஞ்சை வரும். முகம் படும் பகுதியைத் துடைத்துக் காயவிடுங்கள். லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். ஆல்கஹால், சானிடைசர் எதுவும் லென்ஸில் படக்கூடாது, மேற்பூச்சு போய்விடும். காய்ந்த பிறகு மூடியுள்ள பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஈரத்தோடு மூடிவைப்பது திறந்து வைப்பதைவிட மோசம். பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுங்கள். சில வாரம் ஆட மாட்டீர்கள் என்றால் கண்ட்ரோலரிலிருந்து பேட்டரியை எடுத்துவிடுங்கள், கசிவு அப்படித்தான் தொடங்குகிறது.